விழுந்தவுடன் ஏறச் சொல்லாதீர்கள்

சைக்கிளிலிருந்து விழுந்தவருக்கு நம் ஊரில் கிடைக்கும் முதல் வைத்தியம் ஒரு வாக்கியம். "எந்திரி, உடனே ஏறி ஒரு ரவுண்டு போயிட்டு வா. இல்லன்னா பயம் உள்ள உக்காந்துக்கும்." அப்பா சொல்வார், மாமா சொல்வார், டீக்கடையிலிருந்து ஓடிவந்து வண்டியைத் தூக்கி நிறுத்துகிறவரும் சொல்வார். எல்லோரும் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். மைதானத்தில் சறுக்கிய ஏழு வயதுப் பையனுக்கும், பேருந்து உரசித் தள்ளியதில் தார்ச்சாலையில் உருண்ட ஐம்பது வயதுக்காரருக்கும் இதே வாக்கியம்தான். ஏறினால் தைரியசாலி, தயங்கினால் கோழை என்ற தீர்ப்பும் கூடவே வந்துவிடுகிறது. பிள்ளை விளையாட்டில் இந்த அறிவுரை செல்லும். சாலையில் அடிபட்ட பெரியவர்களைப் பொறுத்தவரை இது தவறு. அவர்களில் பலரைச் சைக்கிளிலிருந்து நிரந்தரமாகப் பிரித்துவிடுவதும் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்த நம்பிக்கைக்கு வேர் இல்லாமல் இல்லை. நம்மில் பெரும்பாலோர் சைக்கிள் கற்றது அப்படித்தான். மணிக்கணக்கு வாடகை வண்டி, சீட்டுக்குக் கால் எட்டாமல் பாருக்கு இடையே காலை நுழைத்து ஓட்டிய குரங்கு பெடல், புழுதித் தரை, பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடிவரும் அண்ணன். விழுவோம், முழங்கால் சிராயும், எச்சில் தொட்டு வைத்துக்கொண்டு மறுபடி ஏறுவோம். அங்கே அது பலித்தது. ஏன் பலித்தது என்றுதான் யாரும் கேட்பதில்லை. வேகம் நடைவேகம், விழும் உயரம் குறைவு, தரை மண், எதிரே லாரி இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஏன் விழுந்தோம் என்பது விழுந்தவனுக்கே தெரியும். பேலன்ஸ் தவறியது, அவ்வளவுதான். அடுத்த முறை ஏறும்போது அந்தக் காரணத்தையே அவன் திருத்துகிறான். உடனே ஏறுவது அங்கே பயத்துக்கான மருந்தாக இருக்கவில்லை. அது பாடத்தின் அடுத்த படி.

சாலை விபத்தில் இவற்றில் எதுவும் பொருந்தாது. காரணம் பெரும்பாலும் விழுந்தவருக்குத் தெரிவதில்லை. நிறுத்திய காரின் கதவு திடீரென்று திறந்ததா, மணல் லாரி சிந்திய மணலில் முன்சக்கரம் வழுக்கியதா, முன்பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடித்ததால் பின்சக்கரம் தூக்கியதா, மழைநீர்க் கால்வாய் மூடியின் கம்பி இடைவெளியில் டயர் இறங்கியதா? நினைவில் இருப்பது ஒரு சத்தம், பிறகு தரை. இந்த நிலையில் உடனே ஏறுகிறவர் எதையும் திருத்தவில்லை. விழவைத்த அதே காரணங்களுக்குள், இப்போது நடுங்கும் கைகளோடு திரும்பப் போகிறார்.

உடம்பைப் பற்றி முதலில் பேச வேண்டும், ஏனென்றால் இந்த அறிவுரை ஆளைக் கொல்லக்கூடிய இடம் அது. விழுந்த நிமிடங்களில் உடம்பில் பாயும் அட்ரினலின் வலியை மறைக்கிறது. "எனக்கு ஒண்ணுமில்ல" என்று விழுந்தவர் சொல்வது அந்த நேரத்தில் ஒரு சாட்சியமே அல்ல. கை ஊன்றி விழுந்தால் பெருவிரல் பக்க மணிக்கட்டில் இருக்கும் சிறிய எலும்பு முறிந்திருக்கலாம். முதல் எக்ஸ்ரேயில்கூட அது தெரியாமல் போவதுண்டு. தலை விஷயம் இன்னும் மோசம். 2020 செப்டம்பரில் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின் 13ஆம் கட்டத்தில் பிரெஞ்சு வீரர் ரோமன் பார்டே கீழே விழுந்தார். எழுந்து நிற்க முயன்றபோது கால் நிலைகொள்ளாமல் தள்ளாடியதை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. அவர் மறுபடி ஏறினார், மலையேறி அந்தக் கட்டத்தை முடிக்கவும் செய்தார். பிறகு எடுத்த ஸ்கேனில் மூளையில் சிறிய ரத்தக்கசிவு இருந்தது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 2017இல், கலிஃபோர்னியா பந்தயத்தில் லாட்வியா வீரர் டாம்ஸ் ஸ்குயின்ஷ் விழுந்து, எழுந்து, வேகமாக வரும் மற்ற வீரர்களின் குறுக்கே தள்ளாடியபடி நடந்து, மறுபடி சைக்கிளில் ஏறினார். மூளை அதிர்ச்சி, காறையெலும்பு முறிவு. உலக சைக்கிள் கூட்டமைப்பு 2020 டிசம்பரில் தலைக்காயத்துக்கென்று தனி நெறிமுறை வெளியிட வேண்டி வந்தது. வீரத்துக்குப் பேர்போன அந்த விளையாட்டிலேயே "உடனே ஏறு" என்பதை நிறுத்திப் பிடிக்க விதி போடுகிறார்கள். நம் தெருமுனையில் அந்த விதி இன்னும் வந்து சேரவில்லை.

வண்டிக்கும் இதே கதைதான். விழுந்த சைக்கிளைத் தூக்கி நிறுத்தி, ஹேண்டில்பாரை இரண்டு தொடைக்கு நடுவே பிடித்து நேராக்கிக் கொடுத்துவிட்டு "வண்டி நல்லாத்தான் இருக்கு" என்று அனுப்பிவிடுகிறோம். முன்சக்கரத்தில் கோட்டம் விழுந்து பிரேக் கட்டை ஒரு பக்கம் உரசிக்கொண்டிருக்கும். ஃபோர்க் லேசாகப் பின்னால் வளைந்திருக்கும். தலையில் ஹெல்மெட் இருந்து அது தரையில் மோதியிருந்தால் அதன் வேலை முடிந்தது. உள்ளே இருக்கும் தெர்மோகோல் போன்ற நுரை ஒருமுறை நசுங்குவதற்காகவே செய்யப்பட்டது, வெளியே விரிசல் தெரியாவிட்டாலும் மறுபடி அது காப்பாற்றாது. இதையெல்லாம் பார்க்காமல் ஏறுகிற அந்த ஒரு ரவுண்டில் வண்டி ஒரு பக்கம் இழுத்தால், ஏறியவர் அது தன் பயம் என்றே நினைத்துக்கொள்வார்.

இனி மனதுக்கு வருகிறேன். எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இங்கேதான் இருக்கிறது. பயந்ததைத் தவிர்க்கத் தவிர்க்கப் பயம் வளரும் என்கிறார்கள். இது உண்மை. தவிர்க்கும் ஒவ்வொரு முறையும் ஒரு நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதியே அடுத்த முறையும் தவிர்க்கச் சொல்கிறது. உளவியல் இதை நன்றாக அறியும். ஆனால் இதிலிருந்து "ஆகவே இன்றே, இப்போதே, இதே சாலையில்" என்ற முடிவுக்குத் தாவ எந்த ஆதாரமும் இல்லை. பயத்தை எதிர்கொள்ள வேண்டும் என்பது ஒரு விஷயம். எப்போது, எவ்வளவு, யார் விருப்பத்தில் என்பது முற்றிலும் வேறு விஷயம். நம் அறிவுரை முதலாவதைச் சொல்லி இரண்டாவதை விழுங்கிவிடுகிறது.

1924இல் அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டு அலறும் பீட்டர் என்ற சிறுவனின் பயத்தைப் போக்கிய முறையை வெளியிட்டார். முயலைத் தூக்கிப் பிள்ளையின் மடியில் போடவில்லை. அறையின் மறுகோடியில் கூண்டில் வைத்தார். பிள்ளை தனக்குப் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அவன் தாங்குகிற அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அருகே கொண்டுவந்தார். கடைசியில் பீட்டர் முயலைத் தொட்டு விளையாடினான். அதன் பிறகு நூறு ஆண்டுகளாகப் பயத்துக்கான சிகிச்சை பல வடிவங்கள் எடுத்திருக்கிறது. படிப்படியாக, தாங்கும் அளவில் என்ற அடிப்படை அதில் நிலைத்து நிற்கிறது. பெரிய பயத்துக்குள் ஒரேயடியாக இறக்கிவிடும் முறையும் உண்டுதான். அதைச் சிகிச்சையாளர் ஒருவர், பயப்படும் பொருள் உண்மையில் தீங்கு செய்யாது என்று உறுதியான இடத்தில், பக்கத்தில் இருந்து செய்கிறார். சென்னையின் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலை அப்படிப்பட்ட இடமல்ல.

அவசரம் தீங்கு செய்யும் என்பதற்கும் சான்று இருக்கிறது, அதுவும் சாலை விபத்திலிருந்தே. பிரிட்டனில் சாலை விபத்தில் அடிபட்டு மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் ஒரு பகுதியினரை, விபத்து நடந்த கையோடு உட்காரவைத்து, நடந்ததை விரிவாகச் சொல்லவைத்தார்கள். அப்போதே கொட்டிவிட்டால் மனதில் தங்காது என்பது அன்றைய நம்பிக்கை. நம் "உடனே ஏறு" நம்பிக்கைக்கு அது கூடப்பிறந்தது. மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தபோது, தொடக்கத்தில் மிகவும் கலங்கியிருந்தவர்களில் அப்படிப் பேசவைக்கப்பட்டவர்கள் தேறாமலே இருந்தார்கள். தம் போக்கில் விடப்பட்டவர்கள் தேறியிருந்தார்கள். 2000இல் வெளியான இந்த முடிவுக்குப் பிறகு அந்த வழக்கத்தை மருத்துவ உலகம் பெரும்பாலும் கைவிட்டது. கலங்கிய மனம் தானாகக் கொஞ்சம் அடங்க நேரம் கேட்கிறது. அந்த நேரத்தைப் பிடுங்கிக்கொள்வது உதவி ஆகாது.

"சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டா சாகிற வரைக்கும் மறக்காது, எல்லாம் மனசுலதான் இருக்கு" என்று அடுத்து ஒரு வாதம் வரும். மறக்காது என்பது சரி. ஆனால் பயந்த உடம்பு அந்தத் திறமையைப் பயன்படுத்த விடாது. ஓடும் சைக்கிள் எப்படி நிமிர்ந்து நிற்கிறது என்று பாருங்கள். வண்டி இடப்பக்கம் சாய்ந்தால் முன்சக்கரமும் இடப்பக்கம் சற்றுத் திரும்பும். அந்தத் திருப்பம் சாய்வைச் சரிசெய்யும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் தள்ளிவிட்டால் ஆளில்லாத சைக்கிளே இப்படிக் கொஞ்ச தூரம் விழாமல் ஓடும். ஓட்டுபவரின் கைகள் தளர்வாக இருந்து இந்தச் சிறு திருப்பங்களுக்கு இடம் கொடுக்க வேண்டும். பயந்தவரின் கை என்ன செய்கிறது? முழங்கை பூட்டிக்கொள்கிறது, விரல்கள் ஹேண்டில்பாரை நெரிக்கின்றன, விரல் எந்நேரமும் பிரேக்கில் பாதி அழுத்தி நிற்கிறது. பார்வை நீண்ட சாலையை விட்டு முன்சக்கரத்துக்கு அருகே விழுகிறது. பள்ளத்தையே பார்க்கிறவர் பள்ளத்துக்கே போகிறார். வேகம் குறைகிறது, குறைந்த வேகத்தில் தள்ளாட்டம் கூடுகிறது, தள்ளாட்டம் பயத்தைக் கூட்டுகிறது. ஆகவே விபத்து நடந்த அன்றே ஏறுகிறவர் வழக்கமான தன்னைவிட மோசமான ஓட்டுநர். அவரை அந்த நேரத்தில் சாலைக்கு அனுப்புவது இரண்டாவது விபத்துக்கு அழைப்பு. இரண்டாவது முறை ஒரு சின்னச் சறுக்கல் போதும். வண்டி மறுவாரம் பழைய இரும்புக் கடைக்கோ, பக்கத்து வீட்டுப் பையனுக்கோ போய்விடும். "நான்தான் அப்பவே ஏறச் சொன்னேனே, ஏறினாளே, அப்படியும் சரிவரல" என்று சொல்பவர்கள், ஏறியதுதான் காரணம் என்று ஒருநாளும் யோசிப்பதில்லை.

தொழில்முறை வீரர்களைக் காட்டுவார்கள். ரத்தம் வழிய ஏறி ஓட்டுகிறார்களே என்பார்கள். ரத்தம் வழிய ஏறுவதைத் தொலைக்காட்சி காட்டுகிறது. அதன் பிறகு வரும் மாதங்களைக் காட்டுவதில்லை. பெல்ஜியத்தின் ரெம்கோ எவனபோல் 2020 ஆகஸ்டில், இருபது வயதில், இத்தாலியின் லொம்பார்தியா பந்தயத்தில் மலையிலிருந்து இறங்கும்போது பாலத்தின் சுவரில் மோதிப் பள்ளத்துக்குள் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. ஒன்பது மாதம் கழித்து 2021 மே மாதம் இத்தாலி சுற்றுப்பந்தயத்தில் திரும்பி வந்தபோது, அவர் ஒரு தயங்கும் ஓட்டுநராக இருந்தார். சரளைச் சாலையிலும் இறக்கங்களிலும் பின்தங்கினார். பந்தயத்தை முடிக்கவும் இல்லை. அப்போது அவரைப் பற்றி எழுதப்பட்ட சந்தேகங்கள் கொஞ்சமல்ல. 2022இல் அதே மனிதர் லியேஜ் பந்தயத்தையும் ஸ்பெயின் சுற்றுப்பந்தயத்தையும் உலக சாம்பியன் பட்டத்தையும் வென்றார். உலகின் மிகச் சிறந்த பயிற்சியாளர்களும் மருத்துவர்களும் அடைத்த சாலைகளும் இருந்த ஒருவருக்கு, ஓட்டுவதையே தொழிலாகக் கொண்டவருக்கு அவ்வளவு காலம் பிடித்திருக்கிறது. பிரான்ஸின் திபோ பினோ 2013 டூரில் இறக்கங்களில் தனக்குப் பயம் என்று எல்லோர் முன்பும் ஒப்புக்கொண்டார். பயத்தை மறைத்து இன்னும் வேகமாகப் பாயவில்லை. வேகத்தோடு பழகப் பந்தயக் கார் ஓடுதளத்தில் பயிற்சி எடுத்தார். அடுத்த ஆண்டு அதே பந்தயத்தில் மூன்றாம் இடம். பயத்தைப் பெயர் சொல்லி, அதற்கென்று தனியாக உழைத்ததால் அவர் ஓட்டத்தில் ஏதும் குறைந்துவிடவில்லை.

திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனிக்குச் சைக்கிளில் போய்வரும் அக்கா ஒருவரை எனக்குத் தெரியும். கடைவீதியில் நிறுத்தியிருந்த காரின் கதவு திறந்ததில் அடிபட்டு விழுந்தார். வீட்டில் ஒரு பாதி "நாளைக்கே எடு" என்றது, மறுபாதி "இனிமே அந்தச் சனியனைத் தொடாதே" என்றது. அவர் இரண்டையும் கேட்கவில்லை. காயம் ஆறும்வரை பஸ்ஸில் போனார். வண்டியைக் கடையில் விட்டுக் கோட்டம் எடுத்து, பிரேக் கட்டை மாற்றி வாங்கினார். பிறகு விடியற்காலையில் கோயில் தெருவில், தங்கை துணைக்கு நிற்க, ஏறி இறங்கிப் பார்த்தார். பிரேக்கைப் பிடித்து நிறுத்துவதையே திரும்பத் திரும்பச் செய்தார்: முன்பிரேக், பின்பிரேக் இரண்டையும் சேர்த்து, உடம்பைச் சற்றுப் பின்னால் தள்ளி. நிற்கும் கார்களைத் தாண்டும்போது கதவு முழுக்கத் திறந்தாலும் படாத தூரம் எது என்று கண்ணால் அளந்து பழகினார். கம்பெனிக்குப் பழையபடி போக ஆரம்பித்த பிறகும் அந்தக் கடைவீதி வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஒருநாள் இறங்காமல் போனார். அது எந்த நாள் என்பதை அவரே முடிவு செய்தார். அவர் திரும்பி வந்ததற்கு எனக்குத் தெரியும் காரணம் அதுதான்.

இந்த முறையில் இருப்பது வெறும் பொறுமை இல்லை. அவருடைய பயம் திட்டவட்டமான ஒரு கேள்வியைக் கேட்டது: அடுத்த கதவு திறந்தால் என்ன செய்வாய்? அவர் அதற்குப் பதில் தயாரித்தார். மணலில் சறுக்கியவருக்குக் கேள்வி வேறு. மணலில் பிரேக் பிடிக்காமல், ஹேண்டிலைத் திருப்பாமல், நேராக உருண்டு கடக்கப் பழக வேண்டும். ரயில்வே கேட்டில் தண்டவாளத்தில் டயர் சிக்கி விழுந்தவர், தண்டவாளத்தைக் கூடுமானவரை செங்குத்தாகக் கடக்கப் பழக வேண்டும். பின்னாலிருந்து பேருந்து நெருக்கியவருக்குப் பதில் திறமையில் இல்லை; வேறு தெருவில் இருக்கிறது. அந்தப் பயம் சரியான பயம், அது அப்படியே இருக்கட்டும். பாதையை மாற்றிக்கொண்டவரைத் தோற்றவராகப் பார்ப்பது அநியாயம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கற்ற பயம் அழிவதில்லை. அதன் மேல் புதிய அனுபவம் படிகிறது, இடம் மாறினால் பழையது மேலே வரக்கூடும். கோயில் தெருவில் போன பயம் கடைவீதியில் திரும்பி வருவது அதனால்தான். அது பின்னடைவு ஆகாது. அந்த இடத்தில் இன்னும் பழகவில்லை என்று மட்டுமே பொருள்.

"உடனே ஏறு" என்பதும் "இனி வேண்டாம்" என்பதும் எதிரெதிர் அறிவுரைகள் போலத் தெரிகின்றன. எனக்கு அவை ஒரே வீட்டுப் பிள்ளைகளாகத்தான் தெரிகின்றன. இரண்டிலும் முடிவெடுப்பது விழுந்தவர் அல்ல. பெண்கள் விஷயத்தில் இது அப்பட்டமாகத் தெரியும். தயங்கினால் "பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை" என்ற பேச்சு தயாராக நிற்கிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம், அன்றைய ஆட்சியர் ஷீலாராணி சுங்கத் முன்னின்று ஊக்குவிக்க, ஆயிரமாயிரம் கிராமப் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுத் தந்தது. குவாரித் தொழிலாளர்களும் விவசாயக் கூலிகளும் கற்றார்கள், அதில் பலர் பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே. அவர்கள் விழாமல் கற்றிருக்க முடியாது. ஆனால் அங்கே தனியாக ஒருத்தியைச் சாலையில் தள்ளித் தைரியத்தைச் சோதிக்கவில்லை. முகாம், கூட்டம், கூட ஓடும் தோழி, கிண்டலடிப்பவனை ஒன்றாக எதிர்கொள்ளும் துணை. தனி ஆளின் நெஞ்சுரத்தை நம்பியிருந்தால் புதுக்கோட்டை நடந்திருக்காது.

காத்திருப்பது சாக்காகிவிடாதா என்ற கேள்வி நியாயமானது. ஆகிவிடக்கூடும். அதற்கு அடையாளங்கள் உண்டு. விபத்து கனவில் திரும்பத் திரும்ப வருகிறது, பின்னால் ஹாரன் கேட்டாலே உடம்பு விறைக்கிறது, சைக்கிள் மட்டுமல்லாமல் அந்தச் சாலையில் நடப்பதும் ஆட்டோவில் போவதும் முடியாமல் போகிறது, ஒரு மாதம் தாண்டியும் இது குறையவில்லை என்றால், அது மருத்துவரிடம் போக வேண்டிய நிலை. மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். அந்த நிலையில் இருப்பவரை "ஏறு" என்று அதட்டுவது, கால் முறிந்தவரை நடக்கச் சொல்வதற்குச் சமம். அந்த எல்லைக்குள் இருப்பவருக்கோ சிறிய, ஆனால் நிற்காத அடிகள் போதும். இன்று வண்டியைத் துடைப்பதும் ஓர் அடிதான்.

என்னை உண்மையில் கோபப்படுத்துவது இந்த அறிவுரை யாரைத் தப்பிக்கவிடுகிறது என்பது. விழுந்தவரின் தைரியத்தைப் பற்றி ஊரே பேசும்போது, சாலையோரம் மணலைக் கொட்டிவிட்டுப் போனவர், டயர் இறங்கும்படி கால்வாய் மூடி போட்ட ஒப்பந்ததாரர், வெள்ளைக்கோடு இல்லாமல் வேகத்தடை கட்டியவர், பார்க்காமல் கார்க் கதவைத் திறந்தவர் எல்லோரும் பேச்சிலிருந்து காணாமல் போகிறார்கள். நெதர்லாந்தில் 1971ஆம் ஆண்டு மட்டும் சாலை விபத்துகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அதில் 400க்கும் அதிகமானோர் குழந்தைகள். அங்கே பெற்றோர்கள் பிள்ளைகளைப் பார்த்து, பயப்படாமல் ஏறு என்று சொல்லிவிட்டு அடங்கிவிடவில்லை. குழந்தைக் கொலையை நிறுத்து என்று பெயர் வைத்துத் தெருவில் இறங்கினார்கள், சாலைகளை மறித்தார்கள், அரசின் போக்கை மாற்றவைத்தார்கள். அங்கு இன்று முதியவர்கள் கவலையின்றிச் சைக்கிளில் கடைக்குப் போவது, தனித்தடமும் வேகக் கட்டுப்பாடும் வந்ததால்தான். டச்சுக்காரர்கள் பிறவியிலேயே நம்மைவிடத் துணிந்தவர்கள் என்பதால் அல்ல.

ஆகவே அடுத்த முறை உங்கள் கண்ணெதிரே ஒருவர் சைக்கிளிலிருந்து விழுந்தால், சாலையின் ஓரத்துக்கு அவர் வரக் கைகொடுங்கள். தலை பட்டதா, குமட்டுகிறதா, இது என்ன கிழமை என்று கேளுங்கள். பதிலில் தடுமாற்றம் இருந்தால் 108ஐ அழையுங்கள். வண்டியைப் பக்கத்துக் கடையில் நிறுத்திவைத்து அவரை ஆட்டோவில் வீட்டுக்கு அனுப்புங்கள். பிறகு அவர் விழுந்த இடத்துக்குத் திரும்பிப் போய், எதில் விழுந்தார் என்று பாருங்கள். மணலோ மூடியோ பள்ளமோ, எதுவாக இருந்தாலும் ஒரு படம் எடுத்து உங்கள் வார்டு உறுப்பினருக்கு அனுப்பிவிட்டு, அது சரியாகும் வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.